குடை நின்ற மூலை

செய்தி வந்தபோது நான் ரயிலில் இருந்தேன். கல்யாணில் ஏறிய கூட்டம் டோம்பிவிலியிலும் தானேயிலும் இன்னும் இறுகி, முலுண்டைத் தாண்டும்போது என் இடது கை ஒருவரின் பைக்கும் இன்னொருவரின் முதுகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்க முடியவில்லை. நின்று, மறுபடி அதிர்ந்தது. காட்கோபரில் கொஞ்சம் பேர் இறங்கிய பிறகுதான் கையை மீட்டேன். சொர்ணத்தின் தம்பி முருகேசன் குரலாகப் பதிந்து அனுப்பியிருந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.

“சார், அக்கா ஆஃப் ஆயிட்டா. காலைல அஞ்சர இருக்கும். டாக்டரக் கூப்புடுததுக்குள்ள முடிஞ்சிட்டு. நீங்க வர்றியளா?”

எங்கள் மும்பைத் தமிழில் மின்விசிறியும் ஆஃப் ஆகும், மனிதர்களும் ஆஃப் ஆவார்கள். எத்தனையோ முறை கேட்டுப் பழகிய பேச்சுதான். அன்றைக்கு அது காதுக்குள் போகவே மறுத்தது. குர்லாவில் இறங்கி, ஹார்பர் லைன் பிடித்து, செம்பூருக்குப் போனேன்.

ஏழாவது மாடி. லிஃப்டில் ஒருவரைப் படுக்கவைத்து இறக்க இடம் கிடையாது. படி வழியாகத்தான் தூக்கி வந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் பாடையைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்க்க வேண்டியிருந்தது. ஐந்தாவது மாடியில் நான் முருகேசனிடம், “இந்தத் திருப்பம் நாலடிகூட இல்லை” என்றேன். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா அது?

சொர்ணத்தை, இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும் உங்களில் பலருக்குப் பல விதமாகத் தெரிந்திருக்கும். கோயில் கொடை விழா நாளில் பந்தி வரிசையைச் சண்டையில்லாமல் நிறுத்துகிறவர் என்று சிலருக்கு. ரேஷன் கார்டு விண்ணப்பத்தை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பவர் என்று சிலருக்கு. எனக்கு அவர் பக்கத்து மேஜை. மாட்டுங்காவில், பழைய கட்டடங்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில், நான் படம் வரைபவன், அவர் டைப்பிஸ்ட். இருபத்தாறு வருஷம் ஒரே மின்விசிறியின் காற்று.

எங்கள் அறிக்கைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி முடியும்: கட்டடம் குடியிருக்கத் தகுதியற்றது, காலி செய்து இடித்துவிடலாம். அந்த வரிக்கு முன்னால் சொர்ணம் கையை எடுத்துவிடுவார். “இதுல எத்தன குடும்பம் சார் இருக்கு?” என்று கேட்பார். சொன்னால் தலையாட்டிவிட்டு அடித்து முடிப்பார். ஒருமுறை பைகுல்லாவில் ஒரு கட்டடம். “அது நம்ம வேலை இல்லையே சொர்ணம், எனக்குத் தெரியாது” என்றேன். “தெரிஞ்சிக்கிட்டுச் சொல்லுங்க, காத்திருக்கேன்” என்று டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நான் அந்தக் கட்டடத்து வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, நாற்பத்தொன்று என்று சொன்ன பிறகுதான் கடைசி வரி விழுந்தது. அதனால் எந்தக் கட்டடமும் தப்பியதில்லை. அது அவருக்கும் தெரியும். “அடிக்க வேண்டியத அடிச்சித்தான ஆவணும். எத்தன பேருன்னாவது தெரிஞ்சி அடிப்பம்” என்பார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். கோடு நேராக வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால், அது மற்றவர் வீடாக இருந்தாலும் எழுந்து சரி செய்துவிட்டுத்தான் உட்காருவேன். சொர்ணம் இதை வைத்தே என்னைக் கிண்டல் செய்வார். “சாருக்கு வாழப்பழத்தக் குடுத்தாக்கூட நிமித்திட்டுத்தான் திம்பாவ” என்று ஒரு நாள் அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

செம்பூரில் அவர்கள் வீட்டை முதலில் பார்த்தது ஒரு பொங்கலன்று. இருபுறமும் பதினான்கு மாடிக் கட்டடங்கள். நடுவில் மங்களூர் ஓடு போட்ட ஒரு வீடு, தலைமேல் நீலத் தார்ப்பாயோடு, தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றது. சுற்றிலும் ஒரு காலத்தில் காய்கறித் தோட்டம். சொர்ணத்தின் பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிணறு தோண்ட வந்தவர். தோண்டிய கிணற்றின் நிலத்தையே ஒரு மராத்தி விவசாயியிடம் குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாக்கிக்கொண்டார். கத்தரியும் வெண்டையும் முளைக்கீரையும் போட்டு, விடிவதற்குள் கூடைகளை மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு அனுப்புவார்களாம். அங்கே குடியேறியிருந்த நம் ஆட்களுக்கு முருங்கைக்காய் கிடைப்பதே இவர்கள் வந்தால்தானாம்.

மனிதர்கள் ஊரை விட்டு வந்தாலும் கொத்தனார் ஊரை விடவில்லை. பூட்டனோடு வந்த கொத்தனாருக்கு ஒரே விதமான வீடுதான் கட்டத் தெரியும். மூன்றடி உயரக் கருங்கல் மேடை, இரண்டு முழ அகலத்தில் சுவர், மேலே தேக்கு உத்தரம் போட்டு, செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்பு அரைத்துப் பூசிய மட்டப்பா, அதாவது தட்டைக் கூரை. நெல்லைச் சீமையின் வெயிலுக்குச் சரி. முதல் ஆடி மாதத்து மும்பை மழைக்கு அது மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. வீட்டுக்குள் நின்ற தண்ணீரில் நாற்று விட்டிருக்கலாம் என்பார் சொர்ணம். மறுவருஷம் ஒரு கொங்கணித் தச்சர் வந்து, மட்டப்பாவை இடிக்காமல் அதன் தலைக்கு மேலேயே நல்ல சரிவாக ஓட்டுக் கூரை ஏற்றினார். தோட்டத்து மராத்திக்காரர்கள் அதை ‘இரண்டு தொப்பி வீடு’ என்றே கூப்பிட்டார்களாம். இரண்டு தொப்பிக்கும் நடுவில் குனிந்து போகும் உயரத்துக்கு ஓர் இடம். வெங்காயமும் பூசணியும் விதைச் சுரைக்காயும் அங்கேதான். சொர்ணம் டைப்பிங் பரீட்சைக்குப் படித்ததும் அங்கேதான். பதினொரு பேர் இருக்கும் வீட்டில் வேறு எங்கே படிப்பது.

சாப்பிட்டுவிட்டுக் கை துடைக்கும்போது, முன்னறை மூலையில் இருந்த மர பீரோவைப் பார்த்தேன். நாலடி அகல பீரோ. அதன் விலா ஒரு சுவரோடு ஒட்டியிருந்தது, முதுகு அடுத்த சுவரோடு ஒட்டவில்லை. பின்னால் முக்கோணமாக ஒரு சந்து. அதற்குள் ஒன்பது குடைகள் நின்றன. என் கை பரபரத்தது. பீரோவைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினேன்.

“டென்ஷன் எடுக்காதீய சார்” என்றார் சொர்ணம். “பீரோ நேராத்தான் இருக்கு. வீடுதான் கோணல்.”

காரணத்தையும் சொன்னார். கிணற்றிலிருந்து பாத்திகளுக்குப் போகும் வாய்க்கால் ரோட்டுக்குச் சாய்வாக ஓடியது. வீட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ரோட்டுக்கு இணையாக எழுந்தன. பக்கச் சுவர்கள் வாய்க்காலோடு ஒட்டியே போயின. வாய்க்காலைக் கொஞ்சம் திருப்பினால் வீடு சதுரமாக வந்துவிடும் என்று கொத்தனார் மன்றாடினாராம். பூட்டன் கேட்கவில்லை. “அவரு தண்ணியத் திருப்பல சார். செவுத்தத் திருப்பிட்டாரு” என்றார் சொர்ணம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு அந்தக் கொத்தனார் மேல்தான் இரக்கமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் எல்லாப் பழைய வீட்டுக்கும் வருவது அந்த வீட்டுக்கும் வந்தது. இடித்துவிட்டு மாடி கட்டித் தருவதாகச் சொன்ன பில்டருக்குத் தம்பிகள் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். நீங்களாவது தடுத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். “நானுந்தான் போட்டேன். பதினோரு பேரு நாலு ரூம்ல எத்தன நாளைக்கு இருக்கது? தம்பி மருமவ மாசமா இருக்கா. மழ வந்தா மூணு எடத்துல வாளி வைக்கோம். நான் வேண்டாம்னா அது நியாயமா சார்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். யாரையும் குற்றம் சொல்ல இடமில்லாத காரியம் அது.

அன்று சாயங்காலம் மேஜையைப் பூட்டும்போது சொன்னார்: “வீடு போறது போவட்டும். அது எப்படி இருந்துச்சுன்னு ஒரு தாளாவது சரியா இருக்கணும். எத்தனயோ வீட்ட வரஞ்சிருக்கீய. எங்க வீட்டையும் ஒண்ணு வரஞ்சி குடுங்க.” இருபத்தாறு வருஷத்தில் அவர் தனக்கென்று என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் போனேன். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனை என் கையில். நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். முன்பக்கம் முப்பத்தாறடி நாலங்குலம். பின்பக்கமும் அதேதான். இடது பக்கம் இருபத்து நாலடி, வலது பக்கமும் இருபத்து நாலடி. ஒரு அங்குலம் பிசகவில்லை. அந்தக் கொத்தனாரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. உள்சுவர்கள், கதவுகள், ஜன்னல்கள், கூரையின் உயரம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. டேப்பைச் சுருட்டினேன்.

“மூலைக்கு மூல புடிக்க வேண்டாமா சார்?” என்றார் சொர்ணம்.

“எதுக்கு? நாலு பக்கமும்தான் கச்சிதமா வருதே” என்றேன். அதோடு விட்டேனா? “டைப் அடிக்கறவங்க டேப்புக்கு யோசனை சொல்ல ஆரம்பிச்சாச்சு” என்று முருகேசனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். சொர்ணமும் சிரித்தார். நோட்டை மூடிவிட்டார்.

ஒரு காலித் தீப்பெட்டியின் மேலுறையை எடுத்து விரலால் ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். சாய்ந்துவிடும். நான்கு பக்கத்தின் நீளமும் மாறியிருக்காது. இது பள்ளிக்கூடப் பாடம். முப்பது வருஷம் இதையே தொழிலாகச் செய்தவன், அந்தப் பீரோவுக்குப் பின்னால் முக்கோணச் சந்தைக் கண்ணால் பார்த்தவன், வாய்க்கால் கதையைக் காதால் கேட்டவன், எண்கள் அழகாக வந்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் மறந்து உட்கார்ந்து சதுரம் சதுரமாக வரைந்தேன். நல்ல தாளில், நல்ல மையில்.

படத்தை மேஜைமேல் விரித்ததும் சொர்ணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் வாசலில் நுழைந்து முன்னறைக்குப் போனார். மூலையில் விரல் நின்றது.

“ரொம்ப நல்லா இருக்கு சார். கொட நிக்கிற எடம் எங்க?”

எனக்குப் புரியவில்லை. “பீரோவ ஒட்டிப் போட்டா கொட எங்க நிக்கும்? இது யாரு வீடோ. நேரா இருக்கே” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எண் பொய் சொல்லாது என்றேன். அவர் நோட்டையே எடுத்துக் காட்டினேன். “சரி சார்” என்று தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது நாள் ரயிலில் வரும்போது தீப்பெட்டி நினைவுக்கு வந்தது. அன்றே அவரிடம் போய், தப்பு என்னுடையதுதான், வரும் ஞாயிறு வந்து மூலைக்கு மூலை குறுக்காக ஒரே ஒரு அளவு எடுத்தால் போதும், எல்லாம் தானாகச் சாய்ந்து சரியாகிவிடும் என்றேன். “வாங்க சார், வீடு எங்க போயிரும்” என்றார்.

அந்த ஞாயிறு ரயில் பாதையில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அடுத்த ஞாயிறு டோம்பிவிலியில் ஒரு கல்யாணம். அதற்கடுத்த ஞாயிறு எந்தக் காரணமும் இல்லை. வெயிலாக இருந்தது, படுத்திருந்தேன். இந்த மூன்று ஞாயிறுகளையும் நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

வேலைநாள் ஒன்றில் சொர்ணம் லீவு. காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. நான் முலுண்டில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன்.

“சார், மழ இறுகுததுக்குள்ள முடிக்கணும்னு இன்னைக்கே ஜேசிபி கொண்டாந்துட்டானுவ. ஓடு மட்டுந்தான் எறக்கிருக்கு. செவுரு நிக்கி. இப்ப வந்தீயன்னா மூலைக்கு மூல புடிச்சிரலாம்.”

டேப் கையில்தான் இருந்தது. ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். மும்பையில் யாரும் எங்கும் ஓட முடியாது. முதல் மழைக்குத் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் விக்ரோலியில் இரண்டரை மணி நேரம் கிடந்தது. செம்பூர் போய்ச் சேரும்போது மூன்று மணி.

வீடு இல்லை. சுவர் இல்லை. கருங்கல் மேடையையும் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சொர்ணம் ரோட்டோரம் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நனைந்து நின்றார். சேற்றில் இரண்டு குடைகள், மடக்கியபடி, நட்டுக்குத்தலாக நின்றன.

“நில்லு நில்லுன்னா டிரைவர் கேக்கல சார். அவனுக்கு வேற சைட்டு இருக்காம். அதான் செவுரு விழுததுக்கு முன்னாடியே நாலு மூலையிலும் கொடய நட்டு வச்சேன். நீங்க வந்து அளந்துக்கலாமேன்னு.” பின்பக்கத்தைக் காட்டினார். “லாரிக்கு அந்தச் சந்துதான் வழி. பின்னால நட்ட ரெண்டும் சக்கரத்துல போயிட்டு.”

மிஞ்சிய இரண்டும் முன்பக்கத்துக் குடைகள். எதிரெதிர் மூலையில் இரண்டு நின்றிருந்தால் போதும். எனக்கு வேண்டியது அந்த ஒரே அளவுதான். ஒரே பக்கத்தில் நிற்கும் இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பின்பக்கம் போய் லாரித் தடத்தில் கையால் தடவிப் பார்த்தேன். உடைந்த குடைக் கம்பி ஒன்று கிடைத்தது, அது நட்ட இடத்திலிருந்து எத்தனை அடி இழுபட்டதோ. திரும்பி வந்தபோது சொர்ணம் ஒரு குடைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். டேப்பின் முனைக்காகக் கையை நீட்டினார்.

இரண்டு பேருமாகப் பிடித்தோம். முப்பத்தாறடி நாலங்குலம்.

“சரியா வருது” என்றேன்.

“அது சரியாத்தான் வரும் சார். அது ஒங்கட்ட ஏற்கனவே இருக்கதுதான” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஒரு குடையைப் பிடுங்கி, சேற்றை முந்தானையில் துடைத்து, “நனையாமப் போங்க” என்று என்னிடம் கொடுத்தார்.

வேறு வழிகளையும் தேடிப் பார்த்தேன். நில அளவை வரைபடத்தில் மனையின் எல்லைதான் இருக்கிறது, வீடு இல்லை. செயற்கைக்கோள் படத்தில் மாமரமும் நீலத் தார்ப்பாயும் தெரிகின்றன. குடும்பப் போட்டோக்களில் முகங்கள் இருக்கின்றன, பின்னால் மூலைகளை மறைத்துக்கொண்டு.

புது வீடு எழும்வரை இருக்கச் சொல்லி பில்டர் கொடுத்த ஏழாவது மாடி வீட்டில்தான் அவருடைய கடைசி ஒன்றரை வருஷம். ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை சிறுநீரகத்தில் வந்து நின்றது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். “இங்க எல்லா மூலையும் நேரா இருக்கு சார், ஒங்களுக்குப் புடிக்கும்” என்று வரவேற்பார். படத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

கடைசியாகப் போனபோது நானேதான் கேட்டேன். பீரோ நாலடி என்று எனக்குத் தெரியும். பின்னால் இருந்த சந்தின் அகலம் தெரிந்தால், அந்த ஒரு கணக்கை வைத்தே வீடு எவ்வளவு சாய்ந்திருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். “சொர்ணம், குடை வைக்கற இடம், அகலமான பக்கத்தில எவ்வளவு இருக்கும்?”

அவர் முகம் மலர்ந்தது. படுத்தபடியே இரண்டு கைகளையும் தூக்கி, “இந்தா, இம்புட்டு” என்று காட்டினார். பையிலிருந்து டேப்பை எடுத்து இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்தேன். எட்டு அங்குலம். கைகளை இறக்கிவிட்டார். மறுபடி காட்டச் சொன்னேன். பத்தரை. இன்னொரு முறை. ஒன்பது. அளவு மாறும்போதெல்லாம் வீடும் மாறியது. எட்டுக்கு ஒரு வீடு, பத்தரைக்கு வேறு வீடு. நான் விடவில்லை. இன்னும் ஒரே தடவை என்றேன்.

“போதும் சார். கை வலிக்கி” என்றார்.

என் கையில் டேப் இருந்ததே தவிர, அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் முருகேசனின் குரல் வந்தது.

பதினாறாம் நாள் முடிந்து மூன்று தாள்களில் மூன்று வீடுகள் வரைந்தேன். எட்டுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று. மூன்றிலும் இரண்டு தொப்பிகளும் இருக்கின்றன. மூன்றிலும் முன்னறை மூலையில் பீரோவுக்குப் பின்னால் ஒன்பது சிறு வட்டங்கள் போட்டிருக்கிறேன். மூன்றுமே கோணல்தான். எது சரியான கோணல் என்று விரல் வைத்துச் சொல்ல அவர் இல்லை.

இதைப் படிப்பவர்களில் மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குப் போனவர்கள் இருப்பீர்கள். உள்ளே நுழைந்ததும் “கொடய அங்கன வைங்க” என்று அவர் காட்டியிருப்பார். வைக்கும்போது உங்கள் கை எவ்வளவு தாராளமாக உள்ளே போனது என்று நினைவிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நினைவை நம்பி நான் கோடு போடுவதில்லை. இருந்தாலும் சொல்லுங்கள்.

சொர்ணத்திடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. அவர் கையெழுத்தில் நான்கு பக்க அளவும் உள்ள அந்த நோட்டு. முருகேசன் கொடுத்தார். அதில் அளவுகளுக்குக் கீழே ‘மூலைக்கு மூலை’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறார். நான் டேப்பைச் சுருட்டுவதற்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று, அன்று சேற்றிலிருந்து பிடுங்கிக் கொடுத்த குடை. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். கல்யாணில் என் வீட்டில் எல்லாச் சுவரும் நேராகவே சந்திக்கின்றன. எந்த மூலையில் நிறுத்தினாலும் அது கொஞ்ச நேரத்தில் சரிந்து விழுகிறது. எடுத்து நிறுத்துகிறேன். விழுகிறது.